பள்ளிக்குப் போன பிள்ளைக்கு வீட்டுக் கல்வி: முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

சின்ன வயதிலிருந்தே வீட்டில் படிக்கும் குழந்தை ஒரு வகை. மூன்று நான்கு வருடம் பள்ளிக்குப் போய்விட்டு வீட்டுக்கு வரும் குழந்தை வேறு வகை. பள்ளிக்குப் போன குழந்தைக்குப் படிப்பு என்றால் இப்படித்தான் என்று ஒரு கருத்து ஏற்கெனவே பதிந்திருக்கும். மணி அடித்தால் புத்தகத்தைத் திறப்பது, அடுத்த மணிக்கு மூடுவது, யாரோ மதிப்பெண் போட்ட பிறகுதான் நாம் செய்தது சரியா தப்பா என்று தெரிந்துகொள்வது. பெற்றோரும் அப்படிப் படித்து வந்தவர்கள்தான். அதனால் இந்தக் குடும்பங்களுக்குத் தொடக்கம் கொஞ்சம் வேறு மாதிரி அமைய வேண்டும்.

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பாடத்திட்டம் நல்லது, எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன.

முடிவெடுக்கும் முன்

ஏன் இந்த முடிவு என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். "பள்ளி சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் பயன்படாது. தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறானா? கூடப் படிப்பவர்கள் சீண்டுகிறார்களா? வகுப்பு போகும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லையா, இல்லை, அந்த வேகம் போதாமல் சலித்துப்போகிறாளா? டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதில் வரும் சிரமம்) மாதிரி ஏதாவது இருந்து அதற்கான கவனிப்பு கிடைக்கவில்லையா? உங்கள் வேலை காரணமாக அடிக்கடி ஊர் மாற வேண்டியிருக்கிறதா? முதல் சில மாதங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்தக் காரணம்தான் தீர்மானிக்கும். சீண்டலுக்குப் பயந்து வெளியே வரும் பிள்ளைக்கு முதலில் தேவை நிம்மதியும் தூக்கமும். சலித்துப்போய் வருகிற பிள்ளைக்கு இரண்டாவது வாரமே கையில் கனமான ஒரு வேலை இருக்க வேண்டும்.

எழுதிய காரணத்தைப் பார்த்து இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: வகுப்பை மாற்றினாலோ வேறு பள்ளியில் சேர்த்தாலோ இது தீருமா? தீரும் என்று தோன்றினால் அதையே முதலில் செய்து பாருங்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் சம்மதம் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒருவர் அரைமனதோடு இருந்தால் முதல் சறுக்கலிலேயே "நான் அப்போதே சொன்னேனே" என்று பேச்சு வரும், அதைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். முழு நம்பிக்கை இல்லாதவரிடம், "ஒரு வருடம் பார்ப்போம், ஆறு மாதத்தில் உட்கார்ந்து பேசுவோம்" என்று தேதி குறித்து ஒப்புக்கொள்வது நல்லது. காலவரையறை இருந்தால் சம்மதிப்பது எளிது.

பிள்ளையிடமும் கேளுங்கள். எட்டு வயதுக்கு மேல் இருந்தால் அவர்களுடைய கருத்துக்குக் கண்டிப்பாக இடம் தர வேண்டும். "வீட்டிலேயே படிக்கிறாயா?" என்று மட்டும் கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "பள்ளியில் எதையெல்லாம் விட்டுவிட்டு வர மனசு வராது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தோழி, கால்பந்துக் குழு, ஓவிய ஆசிரியர் என்று ஏதாவது சொல்வார்கள். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் ஈடுகட்ட வேண்டியவை அவைதான். போகவே மாட்டேன், பள்ளிதான் பிடிக்கிறது என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால், நல்ல காரணம் இல்லாமல் இழுத்து வராதீர்கள்.

அப்புறம் நேரமும் பணமும். சின்னப் பிள்ளையோடு பகலில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஒருவர் வேலையை விடுவதா, நேரத்தை மாற்றிக்கொள்வதா, தாத்தா பாட்டியின் உதவி கிடைக்குமா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டே செய்கிற குடும்பங்களும் தனியாக வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பாடம் காலை ஒன்பது மணிக்குத்தான் நடக்க வேண்டும் என்று இல்லாததால் மாலையும் வார இறுதியும் கைகொடுக்கும். ஆனால் உடம்பு களைத்துப்போகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

ஒரு நாட்டில் சாதாரணமாகச் செய்வது பக்கத்து நாட்டில் குற்றமாக இருக்கலாம். அடுத்த ஊர்க்காரர் சொன்னதை நம்பி இறங்க முடியாத விஷயம் இது. ஜெர்மனியில் பள்ளிக்கு நேரில் போவது கட்டாயம். வீட்டுக் கல்விக்கு அநேகமாக இடமே இல்லை. சுவீடனில் 2011 முதல் மிக விதிவிலக்கான சூழலில் மட்டும் அனுமதி. பிரான்சில் முன்பு தகவல் தெரிவித்தால் போதுமாக இருந்தது. 2022 முதல் முன் அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செய்யலாம், ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சிலவற்றில் தகவல்கூடத் தர வேண்டியதில்லை. நியூயார்க் போன்ற இடங்களில் ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கையும் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் மாநில அரசிடம் பதிவு செய்ய வேண்டும். நியூசிலாந்தில் கல்வி அமைச்சகத்திடம் விலக்குச் சான்று வாங்க வேண்டும். சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். விலக்குக் கிடைத்தாலும் பிள்ளை தொடக்கப் பள்ளி முடிவில் வரும் பி.எஸ்.எல்.இ. தேர்வு எழுதியாக வேண்டும்.

இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டுக் கல்வியைப் பற்றி அதில் தனியாக எதுவும் இல்லை. பெற்றோருக்குத் தண்டனை என்றும் எதையும் அது விதிக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கின்றன.

விதிகள் அடிக்கடி மாறும். உங்கள் நாட்டு, மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் இன்றைய தேதிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: தகவல் கொடுக்க வேண்டுமா அல்லது அனுமதி வாங்க வேண்டுமா, எந்தப் பாடங்கள் கட்டாயம், யார் எப்போது வந்து பார்ப்பார்கள்.

பள்ளியிலிருந்து விலகுவது

அனுமதி வாங்க வேண்டிய இடமாக இருந்தால், அது கைக்கு வரும்வரை பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். உதாரணமாக ஸ்காட்லாந்தில் அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்த உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும்; பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்தில் சாதாரணப் பள்ளி என்றால் பொதுவாக எழுத்தில் தெரிவித்தால் போதும். எதுவும் தெரிவிக்காமல் சும்மா நிறுத்திவிட்டால் வருகைப் பதிவேட்டில் விழும் ஒவ்வொரு "வரவில்லை"யும் பின்னால் உங்களுக்குத் தொல்லை.

பள்ளிக்குக் கொடுக்கும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து விலகல், இனி அவருடைய கல்விக்கு நாங்களே பொறுப்பேற்கிறோம் என்று ஒரு வரி, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கி மாற்றுச் சான்றிதழ் தருமாறு ஒரு வரி. அவ்வளவுதான். மனக்குறைகளை இதில் கொட்ட வேண்டாம். சொல்லியே ஆக வேண்டிய புகார் இருந்தால் அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். விலகல் கடிதம் இன்னும் பத்து வருடம் கழித்து வேறொரு அலுவலகத்தில் யாரோ ஒருவர் படிக்கக்கூடிய ஆவணம். நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுச் சான்றிதழோடு மதிப்பெண் அட்டைகள், நன்னடத்தைச் சான்றிதழ், கற்றல் குறைபாடு பற்றிய மதிப்பீட்டு அறிக்கை ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். நூலகப் புத்தகம், பாக்கிக் கட்டணம் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். திரும்பப் போக வேண்டி வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும்.

பிள்ளை விடைபெற நேரம் கொடுங்கள். கடைசி நாள் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பிடித்த ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வரட்டும். நெருங்கிய நண்பர்களின் பெற்றோருடைய எண்களை நீங்களே கேட்டு வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளின் நட்பு பெற்றோரின் தொலைபேசி வழியாகத்தான் தொடரும்.

முதல் வாரங்கள்: பாடம் வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேசை போட்டு, அட்டவணை ஒட்டி, முதல் பீரியட் கணக்கு என்று தொடங்குவதுதான் நாம் எல்லோரும் இயல்பாகச் செய்வது. பதினைந்து நாளில் வீட்டில் தினம் ஒரு சண்டை வரும். எந்தப் பள்ளியை விட்டு வந்தோமோ அதையே நண்பர்களும் இடைவேளையும் இல்லாமல் வீட்டில் கட்டிவைத்திருப்போம், ஆசிரியர் இடத்தில் அம்மா.

வீட்டுக் கல்விக் குடும்பங்கள் இதற்கு டீஸ்கூலிங் என்கிறார்கள்: பள்ளிப் பழக்கம் மனதிலிருந்து கழன்று விழ விடும் காலம். பள்ளியில் படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் என்று அவர்களிடையே ஒரு கணக்கு புழங்குகிறது. ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுபவத்தில் வந்த தோராயம்தான். எனக்கு அது பெரும்பாலும் சரியாகவே தோன்றுகிறது. இரண்டு வருடம் போன பிள்ளை சில வாரங்களில் தெளிந்துவிடும். ஆறாம் வகுப்புவரை போனவர்களுக்கு அரை வருடமும் ஆகலாம்.

இந்தக் காலம் வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும்? முதலில் தூக்கம், நிறையத் தூக்கம். அப்புறம் விளையாட்டு. சின்ன வயதில் விட்டுவிட்ட பொம்மைகளைத் திரும்ப எடுப்பார்கள். ஐந்து வருடம் முன்பு படித்த படக்கதையையே மறுபடி படிப்பார்கள். பிறகு "போரடிக்குது" என்ற வார்த்தை ஒரு நாளைக்குப் பத்து முறை வரும். அந்தச் சலிப்பு நல்ல அறிகுறி. அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லாத இடத்தில் பிள்ளை முதல்முறையாக நிற்கிறது. உடனே ஒரு வேலையைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் அதுவே எதையாவது எடுத்துச் செய்யத் தொடங்கும்.

இன்னொன்றையும் கிட்டத்தில் இருந்து பாருங்கள். பள்ளியிலிருந்து வந்த பிள்ளையிடம் சாதாரணமாக ஏதாவது கேட்டால், பதிலைப் பாதி சொல்லி நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். புருவம் கொஞ்சம் ஏறினால் போதும், பதிலை மாற்றிக்கொள்ளும். கேள்வியைப் பற்றி யோசிப்பதைவிட, கேட்பவருக்கு என்ன பதில் வேண்டும் என்று ஊகிப்பதில் அதற்கு அவ்வளவு பயிற்சி இருக்கிறது. ஒருநாள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் தரையையோ ஜன்னலையோ பார்த்தபடி, "இல்லம்மா, அது அப்படி இருக்காது, ஏன்னா..." என்று வாதாடத் தொடங்குவார்கள். பாடம் தொடங்கும் நேரம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை.

பாடம் இல்லை என்றால் ஒழுங்கே இல்லை என்று ஆகிவிட வேண்டாம். எழும் நேரமும் தூங்கும் நேரமும் ஓரளவு நிலையாக இருக்கட்டும். ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள். தினமும் வெளியே போங்கள். வீட்டு வேலையில் பிள்ளைக்கு என்று ஒரு பொறுப்பு இருக்கட்டும். இரவில் சத்தமாக ஒரு கதை படித்துக் காட்டுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இது பிடிக்கும். வாரம் ஒருமுறை நூலகம். கைபேசியும் கணினி விளையாட்டும் நாள் முழுவதையும் விழுங்காதபடி ஒரு வரம்பு வையுங்கள். முதல் நாளே வைத்துவிடுங்கள், பிறகு குறைப்பது கடினம்.

ஓய்வுக்கும் மனச்சோர்வுக்கும் வித்தியாசம் உண்டு. வாரக்கணக்கில் பசி இல்லை, தூக்கம் கெட்டுப்போகிறது, பிடித்த விளையாட்டும் வேண்டாம், அறையை விட்டு வர மறுக்கிறார்கள் என்றால் காத்திருக்காமல் மருத்துவரையோ குழந்தை மனநல ஆலோசகரையோ பாருங்கள். பள்ளியில் கடுமையாகச் சீண்டப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் இது மிகவும் முக்கியம். பள்ளியை நிறுத்தியதும் எல்லாம் தானாக ஆறிவிடும் என்று விட்டுவிட முடியாது.

இந்த வாரங்களில் பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. கூடப் படித்தவர்கள் இப்போது எந்தப் பாடத்தில் இருப்பார்கள் என்று தேடிப் பார்ப்பதை நிறுத்துங்கள். பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். பரீட்சை தேதி வந்தாலே உங்கள் வயிறு கலங்கும். அதற்குப் பதில் ஒரு நோட்டு வாங்கி, பிள்ளை தானாக என்ன செய்கிறது, எதில் நேரம் போவது தெரியாமல் மூழ்குகிறது, எதைப் பற்றிக் கேள்வி கேட்கிறது என்று தினம் இரண்டு வரி எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து எந்தப் பாடத்திட்டம் என்ற கேள்விக்கு அந்த நோட்டில் பாதி பதில் கிடைத்துவிடும்.

எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது

பாடம் தொடங்கும்போது முதல் வேலை, பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது. மதிப்பெண் அட்டையை நம்ப வேண்டாம். தேர்வும் வைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே தெரிந்துவிடும்.

கணக்கில் பின்னத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு முடித்து, 1/3 + 1/4 என்று கொடுத்தால் 7/12 என்று சரியாகப் போடும் பிள்ளையிடம், "1/3 பெரிதா, 1/4 பெரிதா?" என்று கேளுங்கள். "1/4, ஏன்னா 4 பெரிசு" என்று பதில் வரலாம். கூட்டும் முறை மனப்பாடம். பின்னம் என்றால் என்ன என்பது புரியவில்லை. ஒரே அளவுள்ள இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடிக்கச் சொல்லுங்கள். ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டை வைத்துப் பார்க்கட்டும். பத்து நிமிட வேலை. பள்ளியில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஆசிரியரால் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்க முடியாது. வீட்டில் உங்களால் முடியும். வீட்டுக் கல்வியின் மிகப்பெரிய பலமே இதுதான் என்று நினைக்கிறேன்.

புரியாத இடம்வரை தயங்காமல் பின்னால் போங்கள். ஆறாம் வகுப்பு வயதுப் பிள்ளை மூன்றாம் வகுப்புக் கணக்கில் நின்றால் அங்கிருந்தே தொடங்கலாம். வயது கூடியிருப்பதால் பழைய பாடங்கள் வேகமாக ஏறிவிடும்.

வாசிப்புக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் தனியாகப் படிக்க இப்போதைக்குக் கடினம். நீங்கள் படித்துக் காட்டலாம். எழுத்தே எழுத மறுக்கிற பிள்ளைகள் நிறைய. கையெழுத்தும் எழுத்துப்பிழையும் பற்றி வாங்கிய திட்டுகளின் விளைவு அது. சில மாதம் அவர்கள் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். சொல்வதற்கு விஷயம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு பேனாவைத் தானே கேட்பார்கள்.

ஒரு நாளில் எவ்வளவு நேரம்

நினைப்பதைவிடக் குறைவு. பள்ளி நாளில் பெரும்பகுதி வருகைப் பதிவு, வரிசை, மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருத்தல் என்று போய்விடும். ஒருவருக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுக்கும்போது 6 முதல் 8 வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், 9 முதல் 11 வரை இரண்டு மணி நேரம், அதற்கு மேல் மூன்று முதல் நான்கு மணி நேரம் போதும் என்பது என் கணிப்பு. சட்டப்படி இத்தனை மணி நேரம் என்று கேட்கும் இடமாக இருந்தால் அருங்காட்சியகம், சமையல், தோட்டம், இசை எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஒரு நாள் இப்படிப் போகலாம். காலையில் மனம் தெளிவாக இருக்கும்போது கணக்கு, இருபது நிமிடம் அல்லது அரைமணி. பிறகு ஓட விடுங்கள். அப்புறம் மொழி: படித்தல் ஒரு நாள், எழுதுதல் ஒரு நாள். மதியத்துக்குப் பிறகு அறிவியலோ வரலாறோ, வாரம் முழுவதும் ஒரே விஷயத்தைத் தொடரலாம். மீதி நேரம் அவர்களுடையது. வாரத்தில் ஒரு நாளைப் பாடமே இல்லாமல் வெளியே போக ஒதுக்கிவிடுங்கள்.

இங்கிலாந்தில் பணியாற்றிய கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் குறுகியதாக இருக்க வேண்டும் என்றார். படித்துக் காட்டிய பகுதியைப் பிள்ளை தன் வார்த்தையில் திரும்பச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். இந்த இரண்டாவதை நாளையே தொடங்கலாம், செலவே இல்லை. ஒரு பக்கம் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், "சரி, நீ சொல்லு" என்று கேளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். கேள்வி பதிலில் வெளிவராத பல விஷயங்கள் இதில் வெளிவரும்.

எதை வைத்துப் படிப்பது

முழு வருடப் பாடப்பொருள்களும் சேர்ந்த பெட்டியை முதல் மாதமே வாங்காதீர்கள். இரண்டு மாதத்தில் அது ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் பணமும் போகும், மனசும் உறுத்தும். பல நாடுகளில் அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். கான் அகாடமி இணையதளத்தில் கணக்கும் அறிவியலும் படிப்படியாக, இலவசமாக இருக்கின்றன. உரிமைக்காலம் முடிந்த ஆயிரக்கணக்கான புத்தகங்கள் புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் கிடைக்கும். பொது நூலகம் எல்லாவற்றுக்கும் மேல்.

பாணிகள் பல உண்டு. பாடநூலை வரிசையாகப் பின்பற்றும் குடும்பங்கள் இருக்கின்றன. கையால் தொட்டுக் கற்கும் பொருள்களை முன்னிறுத்தும் மாண்டிசோரி வழி இருக்கிறது. பாடத்திட்டமே இல்லாமல் பிள்ளையின் ஆர்வத்தைப் பின்தொடரும் அன்ஸ்கூலிங் இருக்கிறது. அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1970-களில் முன்வைத்தது அது. கணக்குக்குப் பாடநூல், மற்றதெல்லாம் ஆர்வப்படி என்று கலந்து செய்பவர்கள்தான் நடைமுறையில் அதிகம். பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு இந்தக் கலவையையே நான் பரிந்துரைப்பேன். எந்தப் பாணிக்கும் விசுவாசமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நண்பர்கள், உறவினர்கள், கேள்விகள்

பிள்ளைக்கு உண்மையாகவே இழப்பு இருக்கிற இடம் நட்புதான். தினமும் முப்பது பேரைப் பார்த்த பிள்ளை திடீரென்று வீட்டில். "தானாகப் பழகிக்கொள்வார்கள்" என்று இருக்காதீர்கள். பழைய நண்பர்களில் இரண்டு பேரோடு வாரம் ஒருமுறை சந்திப்பு என்று நாளும் நேரமும் குறித்து வையுங்கள். "எப்போதாவது வாருங்கள்" என்ற அழைப்பு நடக்காது. அப்புறம் விளையாட்டுக் குழு, நீச்சல், நாடகம், இசை என்று மற்றவர்களோடு சேர்ந்து செய்கிற ஒன்றில் சேருங்கள். பக்கத்தில் வீட்டுக் கல்விக் குடும்பங்கள் இருக்கிறார்களா என்று தேடுங்கள். மூன்று குடும்பம் கிடைத்தால்கூட வாரம் ஒரு நாள் சேர்ந்து அறிவியல் செய்யலாம்.

யாரைப் பார்த்தாலும் பிள்ளையிடம் கேட்பது, "என்ன படிக்கிற?" என்பதுதான். அதற்கு ஒரு பதிலைப் பிள்ளையோடு சேர்ந்து தயார் செய்துவையுங்கள். "வீட்டில் படிக்கிறேன், இப்போது கோள்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்குக் கூச்சம் போய்விடும். உடனே வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிச் சோதிக்கும் பெரியவர்களை நீங்கள்தான் மென்மையாகத் தடுக்க வேண்டும். பிள்ளையின் முன்னால் பெரியப்பாவிடம் நீண்ட விவாதத்தில் இறங்காதீர்கள். "ஒரு வருடம் முயற்சி செய்கிறோம் பெரியப்பா, நன்றாகப் போகிறது" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடலாம். தாத்தா பாட்டிக்குச் சந்தேகம் என்றால் அவர்களுக்கே ஒரு பாடத்தைக் கொடுங்கள்: அவர்கள் செய்த தொழில், அவர்கள் வளர்ந்த காலம், தைப்பது, மரவேலை. வாரம் ஒருமுறை பேரப்பிள்ளை வந்து கேட்டால் எதிர்ப்பு வேகமாகக் கரையும்.

ஒரு பிள்ளை வீட்டிலும் இன்னொன்று பள்ளியிலும் இருந்தால், பள்ளிக்குப் போகிறவருக்கு "இவன் மட்டும் ஜாலியாக இருக்கிறான்" என்று தோன்றும். இருவருக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும் பிள்ளை பகலில் என்ன செய்தது என்பதை மாலையில் இருவர் முன்னாலும் பேசுங்கள்.

எழுதிவைப்பது

சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பதிவு வேண்டும். தேதியோடு ஒரு நோட்டு, படித்த புத்தகங்களின் பட்டியல், மாதம் ஒன்று என்று எழுத்து, ஓவியம், கணக்குத் தாள் மாதிரிகள், செய்த பொருள்களின் புகைப்படம். வாரத்துக்குக் கால்மணி போதும். அதிகாரி வந்தால் காட்டலாம், பள்ளிக்குத் திரும்பினால் காட்டலாம். "இந்த மாதம் ஒன்றுமே நடக்கவில்லை" என்று நீங்கள் கலங்கும் இரவில் எடுத்துப் புரட்டவும் அது வேண்டும்.

பதின்வயதுப் பிள்ளைகள்

பதிமூன்று வயதுக்கு மேல் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மேலே சொன்ன நிதானம் பொருந்தும், ஆனால் சான்றிதழ் பற்றிய திட்டம் கூடவே ஓட வேண்டும். இந்தியாவில் என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989 முதல் இயங்குகிறது. 14 வயது முடிந்தவர்கள் அதன் பத்தாம் வகுப்பு நிலைக்குச் சேரலாம். ஐந்து வருடப் பதிவுக் காலத்துக்குள் பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். கேம்பிரிட்ஜ் நடத்தும், பத்தாம் வகுப்பு நிலையிலான ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைப் பல நாடுகளில் தனித் தேர்வராக எழுத முடியும். அறிவியல் பாடங்களில் ஆய்வகச் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தாள் ஒன்றும் அதில் உண்டு என்பது வீட்டில் படிப்பவர்களுக்கு வசதி.

தனித் தேர்வர்களை எல்லா மையமும் ஏற்பதில்லை. தேர்வுக்கு ஒரு வருடம் முன்பே மையத்தைத் தேடி, எழுத்தில் உறுதி வாங்குங்கள். பிள்ளை எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று யோசிக்கிறாரோ அங்கே இந்தச் சான்றிதழை ஏற்கிறார்களா, எந்தப் பாடச் சேர்க்கை கேட்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். இந்தத் தேடல் வேலையில் பாதியைப் பிள்ளையிடமே கொடுங்கள். தன் படிப்புக்குத் தானே மின்னஞ்சல் எழுதி விவரம் கேட்கும் பதினைந்து வயதுக்காரர் அதிலேயே நிறையக் கற்றுக்கொள்வார்.

ஆறாவது மாதம்

குறித்த தேதியில் எல்லோரும் உட்காருங்கள், பிள்ளையும் சேர்ந்து. முதலில் எழுதிய காரணத் தாளை எடுங்கள். காலை வயிற்றுவலி நின்றதா? தூக்கம் எப்படி? தானாகப் புத்தகம் எடுக்கிறார்களா? நண்பர்கள் இருக்கிறார்களா? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், தூங்குகிறீர்களா, எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறதா? கடைசிக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். சொல்லிக்கொடுப்பவர் உடைந்துபோனால் ஏற்பாடு நிற்காது. ஒரு பாடத்தை வெளி ஆசிரியரிடம் கொடுப்பது, வேலையைத் துணைவரோடு பிரித்துக்கொள்வது, பாடத்தைக் குறைப்பது என்று சரிசெய்ய வழிகள் உண்டு.

பாட அளவைக் கடைசியில் பாருங்கள். ஒரு பாடத்தில் பின்தங்கியிருந்தால் அதற்கு மட்டும் அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரு திட்டம் போதும்.

பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்று பிள்ளை சொன்னால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள். நண்பர்களுக்காக என்றால் முதலில் அதைச் சரிசெய்து பார்க்கலாம். உண்மையாகவே பள்ளி வேண்டும் என்றால் சேர்க்கைக் காலத்துக்கு மூன்று மாதம் முன்பே பள்ளிகளை அணுகுங்கள், மாற்றுச் சான்றிதழும் பதிவு நோட்டும் கையில் இருக்கட்டும். இந்தியாவில் 14 வயதுவரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. மற்ற இடங்களில் நுழைவு மதிப்பீடு இருக்கலாம், அதன் பழைய மாதிரித் தாளைப் பள்ளியிடமே கேட்டு வாங்கி இரண்டு வாரம் பழக்கினால் போதும்.